மோட்டார்ஹோமின் பின்னால் சிறிய காரை இழுத்துச் செல்வது எப்படி: முதன்முறையாக இணைப்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவில் சமையலறையும் படுக்கையும் கொண்ட பெரிய வண்டியான மோட்டார்ஹோமையே வீடாகக் கொண்டு ஆண்டு முழுவதும் பயணம் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு கார் ஏன் வேண்டும் என்பது முதல் சில வாரங்களிலேயே விளங்கிவிடும். முப்பதடி வண்டியை முகாமில் நிறுத்தி, தண்ணீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் மின்கம்பியையும் இணைத்துவிட்ட பிறகு, பால் வாங்கவோ மருத்துவரைப் பார்க்கவோ அதைக் கிளப்பிக்கொண்டு போக முடியாது. போக முடிந்தாலும் எல்லாச் சாலைகளும் அதற்கு இடம் தருவதில்லை. மொன்டானாவிலுள்ள கிளேசியர் தேசியப் பூங்காவின் கோயிங்-டு-தி-சன் சாலையில், அவலாஞ்ச் முகாமைத் தாண்டிய மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகள் அனுமதிக்கப்படுவதில்லை. அந்தப் பூங்காவின் மிக அழகான பகுதியே அதுதான்.

காரை இழுத்துச் செல்ல மூன்று வழிகள் உண்டு. காரை முழுவதுமாக டிரெய்லர் மேல் ஏற்றலாம். முன் சக்கரங்களை மட்டும் டாலி என்ற, இரண்டு சக்கரங்கள் கொண்ட சிறிய இழுவண்டியில் ஏற்றலாம். அல்லது நான்கு சக்கரங்களும் தரையில் உருள, காரை நேரடியாக மோட்டார்ஹோமுடன் இணைத்து இழுக்கலாம். டிரெய்லரில் எந்தக் காரையும் ஏற்றலாம் என்பது உண்மைதான், ஆனால் ஒவ்வொரு முகாமிலும் காலி டிரெய்லரை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி கூடவே வரும்; டாலிக்கும் அதே சிக்கல்தான். நிரந்தரமாகப் பயணம் செய்கிறவர்களுக்கு மூன்றாவது வழியே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. இந்த விளக்கம் அந்த வழியைப் பற்றியது.

முதல் படி: காரின் கையேட்டைப் படியுங்கள்

எல்லாக் கார்களையும் நான்கு சக்கரங்களும் தரையில் இருக்க இழுத்துச் செல்ல முடியாது. ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட பெரும்பாலான கார்களில், கியர்பெட்டிக்குள் எண்ணெயைச் சுற்றவைக்கும் பம்பை இயக்குவது இன்ஜின். இன்ஜின் அணைந்திருக்கும்போது சக்கரங்கள் மட்டும் சுழன்றால், கியர்பெட்டியின் உட்பாகங்கள் எண்ணெய் கிடைக்காமலே சுழன்று, சூடேறித் தேய்ந்து கெட்டுப்போகும். நியூட்ரலில் போட்டுவிட்டால் போதும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. மின்சாரக் கார்களில் சிக்கல் வேறு விதமானது: பெரும்பாலானவற்றில் சக்கரமும் மோட்டாரும் நிரந்தரமாக இணைந்திருப்பதால், சக்கரம் உருண்டாலே மோட்டார் மின்சாரத்தை உண்டாக்கத் தொடங்கும். டெஸ்லா தன் கார்களைச் சக்கரங்கள் தரையில் உருள இழுக்கவே கூடாது என்று கையேட்டில் தடை செய்திருக்கிறது.

ஆகவே கார் வாங்குவதற்கு முன்பே, நீங்கள் வாங்கப்போகும் அதே மாடல், அதே ஆண்டு, அதே கியர் வகைக்கான கையேட்டைத் தேடி எடுத்து, பொழுதுபோக்குப் பயணத்துக்காக இழுப்பதைப் பற்றிய பகுதியைப் படியுங்கள். அனுமதி உண்டு என்று அங்கே எழுதியிருக்க வேண்டும். விற்பனையாளரின் வாய்வார்த்தையை இதில் நம்ப வேண்டாம். ஒரே பெயருள்ள காரில்கூட இது மாறிவிடும்: ஹோண்டா சிஆர்-வியை 2014 மாடல் வரை இப்படி இழுக்கலாம், சிவிடி என்ற, படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக் கியருக்கு மாறிய 2015 மாடலிலிருந்து முடியாது. அந்தப் பழைய சிஆர்-விக்கும் நிபந்தனைகள் உண்டு. இன்ஜினை இயக்கி, கியரை எல்லா நிலைகளிலும் நகர்த்தி, முன்னோக்கிச் செல்லும் நிலையான டி-யில் சிறிது நேரம் வைத்து, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, 3 நிமிடம் ஓடவிட்டு அணைக்க வேண்டும். நீண்ட பயணமானால் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். வேகம் மணிக்கு 65 மைலைத் தாண்டக் கூடாது.

தொடக்கநிலையினருக்கு நான் பரிந்துரைப்பது ஜீப் ராங்ளர். கியர்பெட்டியின் ஆற்றலை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தளிக்கும் அதன் டிரான்ஸ்ஃபர் கேஸில் நியூட்ரல் என்று தனி நிலையே இருப்பதால், சக்கரங்களுக்கும் கியர்பெட்டிக்கும் உள்ள தொடர்பு முழுவதுமாகத் துண்டிக்கப்பட்டுவிடும். நாடு முழுவதும் மோட்டார்ஹோம்களின் பின்னால் அதை இவ்வளவு அதிகமாகப் பார்ப்பதற்குக் காரணம் அதுவே.

இரண்டாம் படி: எடைக் கணக்கு

மோட்டார்ஹோமின் ஓட்டுநர் இருக்கைக்கு அருகிலுள்ள ஒட்டுச்சீட்டிலும் அதன் கையேட்டிலும் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஜி.வி.டபிள்யூ.ஆர். என்பது மோட்டார்ஹோம் மட்டும் எட்டக்கூடிய உச்ச எடை, ஜி.சி.டபிள்யூ.ஆர். என்பது மோட்டார்ஹோமும் காரும் சேர்ந்து எட்டக்கூடிய உச்ச எடை. மூன்றாவது எண், இழுக்கும் வண்டியை மாட்டும் பின்புற இணைப்பான ஹிட்ச்சில் பொறிக்கப்பட்டிருக்கும். பலரும் இந்த மூன்றாவது எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள் என்பதால்தான் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஃபோர்டு எஃப்-53 சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) கட்டிய ஒரு பெட்ரோல் மோட்டார்ஹோமை எடுத்துக்கொள்வோம்: உச்ச எடை 22,000 பவுண்டு, கூட்டு உச்ச எடை 26,000 பவுண்டு, ஹிட்ச்சில் 5,000 பவுண்டு என்று எழுதியிருக்கிறது. வீட்டுச் சாமான்கள் அனைத்தையும் ஏற்றி, தண்ணீரும் பெட்ரோலும் நிரப்பியபின் வண்டி 22,000 பவுண்டைத் தொட்டுவிட்டால், காருக்கு மிஞ்சுவது 4,000 பவுண்டுதான். ஹிட்ச் தாங்கும் என்பதற்காக 4,400 பவுண்டு காரைப் பூட்டினால், இன்ஜினும் பிரேக்கும் தங்கள் வரம்பைத் தாண்டி வேலை செய்யும். மாறாக, ஃபோர்டு இ-450 சேசிஸில் உச்ச எடை 14,500, கூட்டு உச்ச எடை 22,000 என்று இருக்கும்போது கணக்கில் 7,500 பவுண்டு மிஞ்சும், ஆனால் ஹிட்ச் 5,000 தான் தாங்குமென்றால் உங்கள் வரம்பு 5,000 தான். எல்லா எண்களிலும் சிறியது எதுவோ அதுவே உங்கள் எண். காரையும் ஹிட்ச்சையும் இணைக்கும் டோ பாரின் தாங்குதிறனும் இந்தக் கணக்கில் சேரும்.

மோட்டார்ஹோமின் உண்மையான எடையை ஊகிக்காதீர்கள். நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களிலுள்ள கேட் ஸ்கேல் என்ற நிறுவனத்தின் எடைமேடையில் முழுச் சுமையோடு ஏறி, ரசீதைப் பெற்றுக்கொள்ளுங்கள். நிரந்தரப் பயணிகளின் வண்டி விடுமுறைப் பயணிகளின் வண்டியைவிட எப்போதும் கனமானது, ஏனென்றால் குளிர்கால உடையிலிருந்து அரிசி மூட்டைவரை முழுக் குடித்தனமும் அதற்குள்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: பேஸ்பிளேட்டும் டோ பாரும்

காரின் முன்புற பம்பருக்குப் பின்னால், அதன் சட்டத்தோடு போல்ட் செய்யப்படும் இரும்புத் தாங்கியே பேஸ்பிளேட். ஒவ்வொரு மாடலுக்கும் அது தனியாக வடிவமைக்கப்படுகிறது. ப்ளூ ஆக்ஸ், ரோட்மாஸ்டர், டெம்கோ ஆகிய நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. பம்பரைக் கழற்றிப் பொருத்தும் வேலை என்பதால், முன்னனுபவம் இல்லாதவர்கள் இதைப் பணிமனையிலேயே செய்துகொள்வது நல்லது.

டோ பார் என்பது காரையும் ஹிட்ச்சையும் இணைக்கும், நீளவும் சுருங்கவும் கூடிய இரண்டு கைகளைக் கொண்ட கருவி. பயணம் முடிந்ததும் மோட்டார்ஹோமின் பின்புறத்திலேயே மடித்துவைக்கும் வகையை வாங்குங்கள். இணைத்த நிலையில் அது தரைக்கு ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும்; ஹிட்ச்சின் உயரத்துக்கும் பேஸ்பிளேட்டின் உயரத்துக்கும் உள்ள வேறுபாடு, தயாரிப்பாளர் அனுமதிக்கும் மூன்று நான்கு அங்குலத்துக்குள் அடங்காவிட்டால், உயரத்தைச் சரிசெய்யும் இடைத்துண்டு ஒன்றைப் பொருத்த வேண்டும். சாய்வு அதிகமானால், திடீர் பிரேக்கின்போது கார் மோட்டார்ஹோமின் அடியில் நுழையவோ மேலேறவோ முயலும்.

நான்காம் படி: காருக்கு தனி பிரேக்

இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 4,000 பவுண்டு எடையுள்ள காரைத் தன் பிரேக்கால் மட்டும் நிறுத்த வேண்டுமென்றால், மோட்டார்ஹோமுக்குக் கூடுதல் தூரம் தேவைப்படும். அந்தக் கூடுதல் தூரத்தில் இன்னொரு குடும்பத்தின் கார் நின்றுகொண்டிருக்கலாம். பல மாநிலங்களில், இழுக்கப்படும் வண்டி 3,000 பவுண்டைத் தாண்டினால் தனி பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் இல்லாத இடத்திலும் இயற்பியல் அதேதான்.

துணை பிரேக்குகளில், பயணத்துக்குப் பயணம் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் வைத்து பிரேக் மிதியோடு மாட்டும் பெட்டி வகையும், காருக்குள் நிரந்தரமாகப் பொருத்தும் வகையும் உண்டு. வாரம்தோறும் இடம் மாறுகிறவர்களுக்கு நிரந்தர வகையே உகந்தது. எதை வாங்கினாலும், கார் அறுந்து பிரிந்தால் தானாகவே பிரேக் பிடிக்கச் செய்யும் சுவிட்ச் அதில் இருக்க வேண்டும். அதன் மெல்லிய கம்பியை டோ பாரில் மாட்டாமல், மோட்டார்ஹோமில் தனியாக மாட்டுங்கள். டோ பாரே கழன்றுவிட்டாலும் அப்போதுதான் அது வேலை செய்யும்.

விளக்குகளுக்கு, காரின் பின்விளக்குகளை மோட்டார்ஹோமின் விளக்குகளோடு இணைக்கும் டையோடு கிட் (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் செல்லவிடும் இணைப்புத் தொகுப்பு) ஒன்றைப் பொருத்தினால் போதும்.

ஐந்தாம் படி: இணைக்கும் முறை

ராங்ளரை எடுத்துக்காட்டாகக் கொண்டு சொல்கிறேன். இணைப்பு வேலையை ஒருவரே தொடக்கம் முதல் முடிவுவரை செய்ய வேண்டும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் மறுபடி முதலிலிருந்து சரிபாருங்கள்.

மோட்டார்ஹோமைச் சமதளத்தில் நேராக நிறுத்தி, காரை அதன் பின்னால் நேர்கோட்டில் கொண்டுவாருங்கள். கால் பிரேக்கை அழுத்தியபடி கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கையேடு சொல்கிற முறைப்படி டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலுக்கு மாற்றுங்கள். அடுத்து வருவது மிக முக்கியமான சோதனை: இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கியரை ரிவர்ஸில் போட்டுக் கால் பிரேக்கை விட்டு 5 விநாடி காத்திருங்கள்; பிறகு டி-யில் போட்டு அதையே செய்யுங்கள். கார் இம்மியும் அசையக் கூடாது. அசைந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் இன்னும் நியூட்ரலுக்கு வரவில்லை என்று பொருள். அப்படியே இழுத்துச் சென்றால் கியர்பெட்டி நாசமாகும். அசையவில்லை என்று உறுதியானதும் இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஆட்டோமேட்டிக் என்றால் கியரை பார்க்கிங் நிலையான பி-யில் வையுங்கள், மேனுவல் என்றால் ஏதாவது ஒரு கியரில் வையுங்கள். நியூட்ரலில் இருக்க வேண்டியது டிரான்ஸ்ஃபர் கேஸ் மட்டுமே.

இப்போது டோ பாரின் இரு கைகளையும் பேஸ்பிளேட்டில் மாட்டி, ஊசிகளைச் செருகி, அவற்றின் கிளிப்புகளைப் போடுங்கள். பாதுகாப்புக் கம்பிவடங்களை டோ பாருக்கு அடியில் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும்படி மாட்டுங்கள். திருப்பங்களில் இழுபடாத அளவுக்குத் தளர்வும், தரையில் உரசாத அளவுக்கு இறுக்கமும் வேண்டும். மின்கம்பியையும் பிரேக் சுவிட்ச்சின் கம்பியையும் இணையுங்கள். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கச் சாவி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைக் கையேட்டில் பார்த்து, அப்படியே வையுங்கள். கடைசியாக ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். இதை மறந்து கிளம்பினால் பின் சக்கரங்கள் புகைந்து தீப்பிடிக்கவும் கூடும்.

மோட்டார்ஹோமை மெதுவாக முன்னே நகர்த்துங்கள். டோ பாரின் கைகள் ஒவ்வொன்றாக முழு நீளத்துக்கு நீண்டு, கிளிக் என்ற ஒலியோடு பூட்டிக்கொள்ளும். உடன் இருப்பவர் பக்கவாட்டில் நின்று, இரண்டு கைகளும் பூட்டிக்கொண்டனவா, காரின் நான்கு சக்கரங்களும் உருள்கின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு இண்டிகேட்டர், பிரேக் விளக்கு இரண்டையும் சோதியுங்கள்.

ஆறாம் படி: சாலையில்

நான்கு சக்கரமும் தரையிலுள்ள காரை இழுத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. காரின் முன் சக்கரங்கள் தம் விருப்பப்படி ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். சில அடிகளிலேயே டோ பார் வளைந்துவிடும். ஆகவே, பெட்ரோல் பங்க்கில் நுழையும் முன்பே வெளியேறும் வழியைப் பார்த்துவிடுங்கள். முகாமில் நேராக உள்ளே போய் நேராக வெளியே வரக்கூடிய இடத்தைக் கேட்டு முன்பதிவு செய்யுங்கள். சிக்கிக்கொண்டால் காரைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

பெரிய மோட்டார்ஹோமில் அமர்ந்திருப்பவருக்குப் பின்னால் உள்ள காரின் டயர் வெடித்தாலும் தெரியாது. காரின் டயர்களுக்கும் அழுத்தம் காட்டும் சென்சார்களைப் பொருத்தி, பின்புற கேமராவை எப்போதும் இயக்கத்தில் வையுங்கள். கலிபோர்னியாவில் எதையேனும் இழுத்துச் செல்லும் வண்டிகளுக்கு உச்ச வேகம் மணிக்கு 55 மைல் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி ஒரு சுற்று நடந்து, ஊசிகளைப் பாருங்கள், காரின் சக்கர மையங்களுக்கு அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் அங்கே பிரேக் உரசிக்கொண்டிருக்கிறது.

ஏழாம் படி: கழற்றும் முறை

காரும் மோட்டார்ஹோமும் நேர்கோட்டில், சமதளத்தில் நிற்கும்போது கழற்றுவதே எளிது. வளைந்து நின்றால் ஊசிகள் இறுகிப்போய் வெளியே வராது. எதையும் தொடுவதற்கு முன் காரின் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கும்வரை, கியர் பி-யில் இருந்தாலும் கார் உருளும். ஊசியை உருவிய கணத்தில் அது சரிவை நோக்கிக் கிளம்பிவிடும். ஹேண்ட் பிரேக்குக்குப் பிறகு டோ பாரின் பூட்டுகளை விடுவித்து, ஊசிகளையும் வடங்களையும் கம்பிகளையும் கழற்றி, டோ பாரை மடித்துவையுங்கள். பின்பு காரில் அமர்ந்து, கால் பிரேக்கை அழுத்தியபடி டிரான்ஸ்ஃபர் கேஸை இருசக்கர இயக்கத்துக்கு மாற்றி, டி-யில் போட்டால் கார் முன்னே இழுக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே காரை விட்டு இறங்குங்கள்.