சோர்ஸிலிருந்து பைதான்: உபுண்டு, மேக், விண்டோஸ் மூன்றிலும்

உபுண்டு 22.04-உடன் வருவது பைதான் 3.10. ப்ராஜெக்ட்டுக்கு 3.12 வேண்டுமென்றால், சோர்ஸை (பைதானின் மூல நிரலை) இறக்கி, நாமே கம்பைல் செய்து ஓடும் நிரலாக்குவதுதான் எனக்குப் பிடித்த வழி. எங்கே போய் உட்கார வேண்டும், வேண்டாதபோது எப்படி நீக்குவது என்பதெல்லாம் நம் கையில் இருக்கும். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

பைதான் டாட் ஆர்க் தளத்திலிருந்து 3.12 டார் ஃபைலை இறக்கி, விரித்து, அந்த ஃபோல்டருக்குள் போங்கள்.

உடனே கன்ஃபிகர் (configure, கணினியில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து பில்டைத் தயார்செய்யும் ஸ்கிரிப்ட்) ஓட்டிவிடாதீர்கள். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். முதலில் பில்ட்-எசென்ஷியல், அதோடு லிப்எஸ்எஸ்எல்-டெவ், இசட்லிப்1ஜி-டெவ், லிப்எஃப்எஃப்ஐ-டெவ், லிப்எஸ்கியூலைட்3-டெவ், லிப்ரீட்லைன்-டெவ் எல்லாவற்றையும் உபுண்டுவின் பேக்கேஜ் நிறுவியான ஆப்ட் (apt) மூலம் போட்டுவிடுங்கள். கம்பைலருக்கு வேண்டிய ஹெடர் ஃபைல்கள் இந்த டெவ் பேக்கேஜ்களில்தான் இருக்கின்றன. இவற்றில் சில இல்லாவிட்டாலும் கன்ஃபிகர் நிற்காது, அடுத்து கம்பைல் செய்யும் மேக் (make) கட்டளையும் நிற்காது. ஓடி முடிக்கும்போது, இன்னின்ன மாட்யூலுக்கு வேண்டியது கிடைக்கவில்லை என்று கடைசியில் ஒரு சின்னப் பட்டியல் மட்டும் வரும். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும் திரையில் அது கண்ணில் படுவதே அபூர்வம். பிறகு பைதான் பேக்கேஜ்களை இறக்கும் பிப் (pip) ஓட்டினால் எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லை என்று ஒரு பேக்கேஜும் இறங்காது. ரீட்லைன் இல்லையென்றால் பைதான் ப்ராம்ப்ட்டில் மேல் அம்பை அழுத்தும்போது பழைய வரி வராமல் ^[[A என்று குப்பை விழும்.

விட்டுப்போன பேக்கேஜைப் பிறகு போட்டுவிட்டு மேக் மட்டும் மறுபடி ஓட்டினால் போதாது. 3.12-ல் லைப்ரரிகளைத் தேடுவது கன்ஃபிகர்தான். மேக் டிஸ்ட்கிளீன் (make distclean) கொடுத்துப் பழைய பில்டைத் துடைத்துவிட்டு, கன்ஃபிகரிலிருந்து தொடங்குங்கள்.

கன்ஃபிகருக்கு டேஷ் டேஷ் ப்ரிஃபிக்ஸ் கொடுத்து, ஹோமுக்குள் ஒரு தனி ஃபோல்டரைக் காட்டுங்கள். பைதானுக்கு மேக் அன்இன்ஸ்டால் என்று ஒன்று கிடையாது. தனி ஃபோல்டராக இருந்தால் அதை அழித்தால் வேலை முடிந்தது, சுடோவும் (அட்மின் உரிமையும்) தேவையில்லை.

அடுத்து மேக் டேஷ் ஜே2. ஜே-க்குப் பிறகு எண் கட்டாயம் வேண்டும். வெறும் ஜே கொடுத்தால் எத்தனை வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்குவது என்பதற்கு வரம்பே இருக்காது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய 4 ஜிபி லேப்டாப் அதிலேயே உறைந்துவிடும். கன்ஃபிகருக்குக் கொடுக்கும் எனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸை (பைதானை வேகமாக்கும் தேர்வு) முதல் தடவை சேர்க்காதீர்கள். அது ஒருமுறை கட்டி, டெஸ்ட்டுகளை ஓட்டிப் பார்த்து, மறுபடி கட்டும். சென்னையில் மே மாத மதியம் இதை ஓட்டினால் லேப்டாப் சூடேறி வேகம் இறங்கும். எல்லாம் சரியென்று தெரிந்த பிறகு, ராத்திரியில் ஓட்டிக்கொள்ளலாம்.

இன்ஸ்டாலுக்கு முன், அதே ஃபோல்டரில் உருவான பைதானைத் திறந்து எஸ்எஸ்எல், எஸ்கியூலைட்3, சிடைப்ஸ் மூன்றையும் இம்போர்ட் செய்து பாருங்கள். எரர் வராவிட்டால் மேக் ஆல்ட்இன்ஸ்டால் கொடுங்கள். வெறும் இன்ஸ்டால் வேண்டாம். ப்ரிஃபிக்ஸ் கொடுக்காதவர்கள் அதைச் செய்தால் யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் இன்னொரு பைதான்3 வந்து, சிஸ்டத்தின் பைதான்3-ஐ மறைத்துவிடும். ஆப்ட் மூலம் போட்ட மாட்யூல்களெல்லாம் திடீரென்று காணாமல் போனது போலத் தெரியும்.

மேக்புக்காரர்கள் எக்ஸ்கோட் கமாண்ட் லைன் டூல்ஸைப் போட்டுவிட்டு, ஹோம்ப்ரூவில் (மேக்புக்குக்கான பேக்கேஜ் நிறுவி) எஸ்எஸ்எல் மாட்யூலுக்கு வேண்டிய ஓபன்எஸ்எஸ்எல் 3 எடுங்கள். ஆப்பிள் தன் சிஸ்டத்தோடு ஓபன்எஸ்எஸ்எல் ஹெடர்களைத் தருவதில்லை. அதனால் கன்ஃபிகருக்கு வித்-ஓபன்எஸ்எஸ்எல் என்று ஹோம்ப்ரூ பாதையைச் சொல்லியே ஆகவேண்டும். எம் சிப் மேக்கில் (Mac) அது ஆப்ட் (opt, மேலே சொன்ன apt அல்ல) ஹோம்ப்ரூவுக்குள் இருக்கும், பழைய இன்டெல் மேக்கில் யூஎஸ்ஆர் லோக்கலுக்குள்.

விண்டோஸில் விஷுவல் ஸ்டூடியோ வைத்து, பிசிபில்ட் ஃபோல்டரில் உள்ள பில்ட் டாட் பேட்டை ஓட்டியும் கட்டலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) போதும், உபுண்டு படிகள் அப்படியே செல்லும். ஆனால் சோர்ஸை சி டிரைவில் வைத்துவிடாதீர்கள். லினக்ஸ் ஹோமுக்குள் வைத்தால்தான் வேகமாக முடியும்.

பின்சேர்க்கை: பைஎன்வ் (pyenv, பல பைதான் பதிப்புகளைப் போட்டு மாற்றிக்கொள்ள உதவும் கருவி) போட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். லினக்ஸில் பைஎன்வும் வழக்கமாக உள்ளே சோர்ஸிலிருந்துதான் கட்டுகிறது, அதற்கும் இதே டெவ் பேக்கேஜ்கள் வேண்டும். ஃபெடோராவில் டெவ் என்ற இடத்தில் டெவல் என்று வரும்: ஓபன்எஸ்எஸ்எல்-டெவல், எஸ்கியூலைட்-டெவல், ரீட்லைன்-டெவல்.