பழைய டிரெய்லரில் பேட்டரிக்கு இடம் தேடியபோது

பம்ப் ஓடினால் விளக்கு மங்கும். நான் புதுப்பித்துக்கொண்டிருந்த பழைய பயண டிரெய்லரின், அதாவது இன்னொரு வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் சிறு வீட்டின், முதல் நோய் இது. பம்ப் ஓடும்போதே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்: பேட்டரி முனையில் 12.4 வோல்ட், பம்பில் 11.2. குறைந்த வோல்ட்டை மெல்லிய கம்பியும் துருவேறிய சேசிஸ் எர்த்தும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியாக இருந்த வண்டியின் அடிச்சட்டம்) பங்குபோட்டுக்கொண்டிருந்தன.

பேட்டரி வண்டிக்கு வெளியே, முன்பக்க இழுவைச் சட்டத்தின் மேல் இருந்தது. ஈய அமில பேட்டரிக்கு அது சரியான இடம்தான். சார்ஜ் ஆகும்போது கிளம்பும் ஹைட்ரஜன் காற்றோடு போய்விடும். நான் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு மாறினேன். அதை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் உள்ளே வைப்பதே மேல். ஆனால் எங்கே? பின்பக்க அலமாரி காலியாக இருந்தது, ஆசையும் காட்டியது. பின்னால் எடை கூடினால், இழுக்கும் வண்டியோடு இணைக்கும் கொக்கியின் மேல் சுமை குறைந்து வண்டி வாலாட்டத் தொடங்கும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். ஆகவே சக்கர அச்சுக்குச் சற்று முன்னால், இருக்கைக்கு அடியில் பட்டை போட்டு இறுக்கினேன்.

இன்வெர்ட்டர் அதன் பக்கத்திலேயே. 1000 வாட் என்றால் 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அங்கே நீளக் கம்பி வீண் செலவு. பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பிரதான ஃப்யூஸ். கம்பியின் தடிமனைப் போகும் நீளம், திரும்பும் நீளம் இரண்டையும் கூட்டியே கணக்கிட்டேன். பம்பின் நெகட்டிவுக்கும் தனிக் கம்பி. அந்தச் சேசிஸை நான் நம்பத் தயாரில்லை.

இப்போது பம்ப் ஓடும்போது பேட்டரியில் 13.2, பம்பில் 13.0. அதன் பிறகுதான் சுவர்ப் பலகைகளை மூடினேன்.