ஏழு இலக்க எண்ணொன்றைக் கையால் ஆராய்வது எப்படி?

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் பலர், பெரிய எண்ணொன்றைக் கண்டவுடன் கணிகருவியைத் தேடுகிறார்கள். அது தேவையில்லை. எண்ணை முதன்மைக் காரணிகளின் பெருக்கமாக எழுதிவிட்டால், அது நிறைவர்க்கமா, அதற்கு எத்தனை காரணிகள், அவற்றின் கூட்டுத்தொகை என்ன என்பன அந்த ஒரு வரியிலிருந்தே கிடைத்துவிடும். 8 474 004 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம்.

உடனே வகுக்கத் தொடங்காமல் இலக்கங்களைக் கவனியுங்கள். இறுதி இரண்டு இலக்கங்கள் 04 ஆதலால் எண் 4 ஆல் வகுபடும். இறுதி மூன்றான 004 ஆனது 8 ஆல் வகுபடாமையால் 2 இன் சுட்டி இரண்டுக்கு மேற்போகாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 27 ஆகையால் 9 ஆலும் வகுபடும்.

அடுத்து வரும் சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளைகளுக்கு இதைக் காரணத்தோடு சொல்லிக்கொடுக்க வேண்டும். 7 × 11 × 13 = 1001. ஆகவே 1000 என்பது இம்மூன்றின் பொது மடங்கொன்றிலும் ஒன்று குறைந்தது; 1 000 000 என்பதோ, 999 999 = 999 × 1001 ஆதலால், ஒன்று கூடியது. எனவே மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்த பகுதிகளை வலமிருந்து மாறிமாறிக் கழித்துக் கூட்டினால் போதும்: 4 − 474 + 8 = −462. குறியை விட்டுவிடலாம். 462 ஆனது 7 ஆலும் 11 ஆலும் வகுபடும், 13 ஆல் வகுத்தால் 7 மீதி; மூல எண்ணும் அவ்வாறே 7, 11 ஆல் வகுபடும், 13 ஆல் வகுபடாது.

இப்போது வகுக்கலாம். 4 ஆல் வகுக்க 2 118 501, 9 ஆல் வகுக்க 235 389. இதன் இலக்கக் கூட்டுத்தொகை 30 ஆதலால் மீண்டும் 3 ஆல் வகுக்க 78 463. பின் 7 ஆல் 11 209, 11 ஆல் 1 019.

1 019 முதன்மை எண்ணா? 32² = 1 024 ஆகையால், அதற்கு வேறு காரணிகள் இருப்பின் ஒன்றாவது 31 ஐத் தாண்டாது. 31 வரையுள்ள முதன்மை எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் மீதி வரும். எனவே அது முதன்மை எண்ணே.

8 474 004 = 2² × 3³ × 7 × 11 × 1 019

சுட்டிகள் அனைத்தும் இரட்டையாக இல்லாததால் இது நிறைவர்க்கமன்று. 2 ஐ எடுக்காமலோ ஒருமுறையோ இருமுறையோ எடுக்கலாம் என்பதால் அதற்கு மூன்று வழிகள்; ஏனையவற்றையும் அவ்வாறே எண்ணினால் 3 × 4 × 2 × 2 × 2 = 96 காரணிகள். அவற்றின் கூட்டுத்தொகை (1 + 2 + 4) × (1 + 3 + 9 + 27) × (1 + 7) × (1 + 11) × (1 + 1 019), அதாவது 7 × 40 × 8 × 12 × 1 020 = 27 417 600. அதிலிருந்து எண்ணையே கழித்தாலும் 18 943 596 எஞ்சுகிறது. 6, 28 போன்ற நிறைவெண்களில் இவ்வாறு எஞ்சுவது எண்ணுக்குச் சமமாகவே இருக்கும்.

பிள்ளைகளுக்கு இதைக் கையில் காட்ட விரும்பினால், குளக்கட்டோரம் பனம் விதை நடும்போது கேளுங்கள்: 1 019 விதைகளை ஒற்றை வரிசையிலன்றிச் சம வரிசைகளாக நட முடியாது, இன்னும் ஒரு விதை சேர்ந்து 1 020 ஆனால், 1 × 1 020 முதல் 30 × 34 வரை பன்னிரண்டு வகையாக நடலாம்.