மென்சவ்வு மீன்வலையன்று

கலமென்சவ்வு எதை உள்ளே விடும் என்று திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால், பலர் கரைவலையை உவமையாகச் சொல்வார்கள்: சிறியது கண்ணுக்குள்ளால் நழுவிவிடும், பெரியது சிக்கிக்கொள்ளும். கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இயல்பாக வரும் உவமைதான். ஆனால் விடைத்தாள்களில் நான் திருத்தும் பிழைகள் பலவற்றுக்கும் வேர் இதுவே.

ஈஸ்ட்ரடையோல் என்னும் ஓமோனின் மூலக்கூற்றுத் திணிவு ஏறத்தாழ 272, குளுக்கோசினது 180. பெரியதான ஓமோன் கொழுப்பில் கரைவதால், மென்சவ்வை ஆக்கும் கொழுப்புப் படையான பொஸ்போலிப்பிட்டு இரட்டைப் படையினூடாகத் தானாகவே பரவிச் செல்ல, சிறியதான குளுக்கோசு காவிப் புரதம் இல்லாவிட்டால் பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடுகிறது. அதனினும் மிகச் சிறிய சோடியம் அயனின் நிலை இன்னும் மோசம். மின்னேற்றமுள்ள அயனை நீர் மூலக்கூறுகள் இறுகச் சூழ்ந்திருக்கின்றன. அவற்றை உதறிவிட்டு, ஏறத்தாழ 3 நானோமீற்றர் தடிப்புள்ள எண்ணெய்த்தன்மையான நடுப்பகுதிக்குள் நுழைவதற்கு வேண்டிய சக்தி மிக அதிகம்.

வலை உவமையை முற்றாகக் கவிழ்ப்பது பொற்றாசியம் கால்வாய், அதாவது மென்சவ்வில் பொற்றாசியம் அயன் செல்வதற்கான புரத வழி. சோடியம் அயன் பொற்றாசியம் அயனைவிடச் சிறியது. இருந்தும் இந்தக் கால்வாய் பொற்றாசியத்தை விட்டு, சோடியத்தைத் தடுக்கிறது. 1998 இல் ரொடெரிக் மக்கினன் குழுவினர் பற்றீரியா ஒன்றின் கால்வாய்க் கட்டமைப்பை வெளியிட்டபோது காரணம் தெளிவாயிற்று: அதன் ஒடுங்கிய பகுதியில் உள்ள ஒட்சிசன் அணுக்கள், பொற்றாசியம் இழக்கும் நீருக்கு ஈடாகச் சரியான தூரத்தில் அதைச் சூழ்ந்துகொள்கின்றன. சோடியம் சிறியதாக இருப்பதனாலேயே அந்த ஒட்சிசன்களை நன்றாக எட்டுவதில்லை. ஆகவே நீரை உதறும் செலவு அதற்குக் கட்டுப்படியாகாது. மக்கினனுக்கு 2003 ஆம் ஆண்டின் வேதியியல் நொபெல் பரிசில் பாதி கிடைத்தது. மறுபாதி, நீர் செல்லும் கால்வாயான அக்குவாபோரினைக் கண்டறிந்த பீற்றர் ஏகருக்குச் சென்றது.

புரதம் உதவினால் ஏடிபி (கலம் சக்திக்காகச் செலவிடும் மூலக்கூறு) செலவாகும் என்று எழுதுவது அடுத்த தவறு. செங்குருதிக் கலத்துக்குள் குளுக்கோசு காவிப் புரதத்தின் மூலமே நுழைகிறது, ஆனால் செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குச் செல்வதால் ஏடிபி தேவைப்படுவதில்லை. ஒரு ஏடிபியைச் செலவிட்டு 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொற்றாசியத்தை உள்ளெடுக்கும் பம்பியின் கதை வேறு. சிறுகுடலில் குளுக்கோசு சோடியத்துடன் கைகோத்தே கலத்துள் நுழைகிறது. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனியில் உப்பும் குளுக்கோசும் சேர்ந்திருப்பது சுவைக்காக அன்று.

பிரசாரணத்தில், அதாவது மென்சவ்வினூடாக நீர் செல்வதை விளக்கும்போது, “செறிவு” என்று மொட்டையாக எழுத வேண்டாம். எதன் செறிவு என்ற குழப்பம் வரும். நீரழுத்தம் (water potential) கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு என்று எழுதினால் போதும்.

இறுதியாக, செய்முறைப் பரீட்சையில் அடிக்கடி காணும் பிழை. றியோ இலையின் ஊதாநிற மேற்றோலை உரித்துச் செறிந்த சுக்குரோசுக் கரைசலில் இட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், சுவர் அப்படியே நிற்க, உள்ளடக்கம் சுருங்கி நிறம் அடர்ந்து தெரியும். ஊதா நிறப்பொருள் புன்வெற்றிடத்துக்குள்ளேயே (கலத்தினுள் சாறு நிறைந்த பை) இருக்கிறது, ஏனெனில் அதைச் சூழ்ந்த மென்சவ்வு நீரை விட்டாலும் நிறப்பொருளை விடுவதில்லை. கலச்சுவரோ சுக்குரோசையும் தடையின்றி விடும். ஆகவே சுவருக்கும் சுருங்கிய முதலுருவுக்கும் இடையில் நிரம்பியிருப்பது வெளியிலுள்ள அதே சுக்குரோசுக் கரைசலாகும். வரைபடத்தில் அவ்விடத்துக்கு “வெற்றிடம்” என்று பெயரிட்டால் புள்ளி கிடைக்காது.