சின்னம் அலங்காரமல்ல: இணைய வகுப்பில் குழுவேலையை அமைக்கும் முறை

பாடப் பக்கத்தின் மேலே ஒரு பண்பாட்டுச் சின்னத்தை ஒட்டிவிட்டால் மாணவர்கள் கூடி உழைத்துவிட மாட்டார்கள். சின்னம் உணர்த்தும் பொருள் அவர்கள் செய்யும் வேலைக்குள் இறங்க வேண்டும்.

படி 1. முதலில் வேலையை முடிவு செய்யுங்கள். ஒருவர் கைவிட்டால் மற்றவரால் முடிக்க இயலாததாக அது இருக்கட்டும். அமெரிக்க உளவியலாளர் எலியட் அரன்சன் 1971-இல் உருவாக்கிய ஜிக்சா முறை நல்ல தொடக்கம்: பாடத்தைத் துண்டுகளாக்கி, ஆளுக்கொன்று கொடுத்து, ஒருவருக்கொருவர் கற்பிக்கச் சொல்லுங்கள்.

படி 2. அதற்கேற்ற சின்னத்தைத் தேடுங்கள். கானாவின் அகான் மக்களுடைய அடின்க்ரா சின்னங்களில் ஃபுன்டுன்ஃபுனெஃபு என்று ஒன்று உண்டு. குறுக்காக ஒட்டிக் கிடக்கும் இரண்டு முதலைகள். தலை இரண்டு, வயிறு ஒன்று. உணவுக்காக அவை அடித்துக்கொள்கின்றன. எந்த வாய் தின்றாலும் நிறைவது ஒரே வயிறுதான். இதை அப்படியே வேலையாக மாற்றலாம். இருவருக்கும் ஒரே கேள்வி, வெவ்வேறு வாசிப்புக் கட்டுரைகள், எழுதுவதற்கு ஒரே விடைத்தாள். இருவரின் கட்டுரைகளிலிருந்தும் சான்று இல்லாத விடைக்கு மதிப்பெண் கிடையாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். முதலைகளின் கதை அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும்.

முழுப் பாடத்திட்டத்தையே ஒரு சின்னத்தின் மீது கட்டவும் முடியும். நியூசிலாந்து 1996-இல் வெளியிட்ட மழலையர் பாடத்திட்டமான தே ஃபாரிகி, 4 கொள்கைகளும் 5 இழைகளும் பின்னிய பாயாகக் கல்வியைக் காட்டுகிறது. தொடங்குபவர்களுக்கு ஒரு பாடம், ஒரு சின்னம் போதும்.

படி 3. சின்னம் யாருடையது, எதைக் குறிக்கிறது என்று அதன் அருகிலேயே இரண்டு வரி எழுதுங்கள். வழிபாட்டுக்குரியவற்றைத் தொடாதீர்கள். நிறத்திலும் கவனம் தேவை: சில சமூகங்களில் மணக்கோலமான வெள்ளை, வேறு சிலவற்றில் துக்கத்தின் நிறம். மாணவர்களிடம் தங்களுக்குப் பிடித்த சின்னங்களைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் யாரையும் தம் சமூகம் முழுவதற்கும் பதில் சொல்லும் நிலையில் நிறுத்தாதீர்கள். அது அவர்களை வாயடைத்துவிடும்.

படி 4. மூடுல் என்ற இணையக் கற்றல் தளத்தைப் பயன்படுத்தினால், அதிலுள்ள விக்கியை, அதாவது பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் பக்கத்தை, விடைத்தாளாக வையுங்கள். அதைக் கூட்டு விக்கியாக அமைத்து, தனித்தனிக் குழுக்கள் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். சின்னத்தின் படத்துக்கு மாற்று உரை, அதாவது அதைச் சொற்களில் விவரிக்கும் குறிப்பு, கொடுங்கள். திரைவாசிப்பான் பயன்படுத்தும் மாணவருக்கும் முதலைகள் தெரிய வேண்டும்.

படி 5. முதல் வார முடிவில் விடைத்தாளின் திருத்த வரலாற்றைத் திறந்து பாருங்கள். ஒருவர் பெயர் மட்டுமே இருந்தால், சின்னத்தை மாற்றாதீர்கள். கட்டுரைகளைப் பிரித்த விதத்தை மாற்றுங்கள்.