ரயில் மோதி இறந்தார் என்று போலீஸ் சொன்னால், குடும்பம் கேட்க வேண்டியவை

கோலாலம்பூரில் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ தண்டவாளத்தில் ஒருவர் இறந்துகிடந்தால், வீட்டுக்கு வருகிற போன் பெரும்பாலும் “ரயில் மோதிவிட்டது” என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். காயம் எப்படி வந்தது என்பதற்குத்தான் அது பதில். அவர் ஏன் அங்கே போனார், ரயில் வரும்போது உயிரோடு இருந்தாரா, நின்றாரா, படுத்திருந்தாரா என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும். அதற்குள் அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு கதை கிளம்பும், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

முதல் வேலை, ஐஓ (விசாரணை அதிகாரி) யார் என்று கேட்டு, அவர் போன் நம்பரையும் திடீர் மரண அறிக்கையின் எண்ணையும் எழுதி வைப்பது. இனி எங்கே போனாலும் இந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

அடையாளம் காட்ட முகத்தை மட்டும் நம்ப வேண்டாம், இப்படிப்பட்ட மரணங்களில் அது தவறிப்போகலாம். மைகார்டு எனும் அடையாள அட்டைக்காகப் பதிந்த கைரேகை இருப்பதால் ஒப்பிடுவது சுலபம். பச்சை குத்தியது, பழைய ஆபரேஷன் தழும்பு, பல் சிகிச்சை விவரம் எல்லாம் கையோடு கொண்டுபோங்கள். அவர் சாப்பிட்ட மருந்துகளின் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள். வலிப்பு, சர்க்கரை, காது மந்தம் போன்றவை இருந்ததைக் குடும்பம் சொல்லாவிட்டால் டாக்டருக்குத் தெரியவே தெரியாமல் போகலாம்.

போஸ்ட்மார்ட்டத்தில் டாக்டர் முதலில் பார்ப்பது, காயத்தைச் சுற்றித் திசுவுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா என்பது. உயிரோடு இருந்தபோது பட்ட காயத்தில் அது தெரியும். வேறெங்கோ இறந்தவரைத் தண்டவாளத்தில் கொண்டுவந்து போட்டிருந்தால் அந்தக் கசிவு இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்கும். ஆனால் மோதிய நொடியிலேயே உயிர் போயிருந்தாலும் கசிவு குறையும் என்பதால் இதை மட்டும் வைத்து யாரும் முடிவு கட்டுவதில்லை. கால் காயம் குதிகாலிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, ரயிலின் முன்பகுதியோடு ஒப்பிட்டால் அவர் நின்றிருந்தாரா என்று ஓரளவு தெரியும். மேலே ஓடுவது 25,000 வோல்ட் கம்பி என்பதால் மின்சாரத் தீக்காயத்தையும் தேடுவார்கள்.

குடித்திருந்தாரா என்ற கேள்வியில் கொஞ்சம் கவனமாக இருங்கள். உடல் சிதைந்தால் வயிற்றில் இருந்த மது மார்பு ரத்தத்தில் கலக்கலாம், உடல் அழுகத் தொடங்கினால் கிருமிகளே ஆல்கஹால் உண்டாக்கும். அதனால் தொடை ரத்தக்குழாயில் இருக்கும் ரத்தம், சிறுநீர், கண்ணுக்குள் இருக்கும் திரவம் என்று எந்த இடத்தில் மாதிரி எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் ரயில் பக்கம். வேகம், பிரேக் பிடித்த நேரம் எல்லாம் ரயிலில் இருக்கும் பதிவுக் கருவியில் இருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர், ஓட்டுநர் பார்த்ததும் பிரேக் பிடித்தாலும் வண்டி வெகுதூரம் போய்த்தான் நிற்கும். ஸ்டேஷன் கேமராவின் கடிகாரமும் ரயிலின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டுகின்றனவா என்று சரிபார்த்தார்களா? சில விநாடி வித்தியாசமே கதையை மாற்றிவிடும். கேமரா பதிவு அழிந்துவிடும் என்பதால் பாதுகாத்து வைக்கச் சொல்லி உடனே எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு போதாது. இரட்டைப் பாதையில் ஒரு ரயில் போனதும் கடக்க முயன்று, எதிர்த்திசையில் வந்த இன்னொன்றில் சிக்குபவர்களும் உண்டு. ஆகவே அந்த நேரத்தில் பக்கத்துத் தடத்தில் என்ன ஓடியது, வேலியில் ஆள் நுழையும் ஓட்டை இருந்ததா என்றும் கேட்க வேண்டும். ஓட்டையை அடைப்பதற்குள் நீங்களே போட்டோ எடுங்கள், தண்டவாளத்துக்குள் இறங்காமல், வெளியே நின்றே.

நம்மவர்களுக்கு அன்றைக்கே தகனம் முடிக்க வேண்டும் என்ற அவசரம் உண்டு. சந்தேகம் இருந்தால் ஒரு நாள் பொறுங்கள், எரித்த பிறகு இரண்டாவது போஸ்ட்மார்ட்டம் கிடையாது. செல்போன், செருப்பு, துணியைப் போலீஸ் திருப்பித் தந்தால் துவைக்கவோ கடவுச்சொல்லை முயன்று பார்க்கவோ வேண்டாம்.

மாஜிஸ்திரேட் மரண விசாரணை தேவையில்லை என்று சொல்லிவிட்டாலும், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 339-வது பிரிவின் கீழ் விசாரணைக்கு உத்தரவிட அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு அதிகாரம் உண்டு, வக்கீல் மூலம் அவருக்கு எழுதலாம். வேலைக்குப் போகும் வழியில் நடந்திருந்தால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் விசாரியுங்கள். நஷ்டஈட்டு வழக்கு போடுவதாக இருந்தால், 1956 சிவில் சட்டப்படி சார்ந்திருப்பவர்களுக்கு இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் கெடு, போஸ்ட்மார்ட்டம் அறிக்கை வரட்டும் என்று காத்திருந்தாலும் அந்த நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.