நக்கிள் வேலை: பிரிக்கும்போதே கெடுவது

பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருப்பவர்கள் இன்னும் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். நாற்றுக்கட்டு ஏற்ற, வைக்கோல் இழுக்க, கஜா புயலுக்குப் பிறகு விழுந்த தென்னையை இழுத்துப்போட என்று எல்லாவற்றுக்கும் அதுதான். இந்த வண்டிகளுக்கு வரும் ஒரே மாதிரியான புகார், முன்சக்கரத்துக்கு உள்பக்கம் உருண்டையாக இருக்கும் நக்கிளில் எண்ணெய் வழிகிறது, அல்லது நாற்பதில் போகும்போது ஸ்டீயரிங் கையைப் பிடுங்குகிற மாதிரி உதறுகிறது என்பது. பிரித்து மாட்டினால் சரியாகிவிடும்தான். ஆனால் நான் பார்த்தவரை இந்த வேலை கெடுவது மாட்டும்போது இல்லை, பிரிக்கும்போதுதான்.

முதலில் ஷிம். கிங்பின் (நக்கிள் இடமும் வலமும் திரும்ப அச்சாக இருக்கும் முளை) பேரிங்கின் மேல்மூடிக்கு அடியில் (சில வண்டிகளில் கீழ்மூடியிலும்) காகிதம் போல மெல்லிய தகடுகள் இருக்கும். பேரிங் எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இவைதான். தகட்டை எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும். என் வண்டியை முதல்முறை ஒரு பட்டறையில் விட்டபோது, இரண்டு பக்கத்துத் தகடுகளையும் ஒரே தட்டில் போட்டு மண்ணெண்ணெயில் அலசி, பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். எது இடது, எது வலது என்று கேட்டால் "எல்லாம் ஒண்ணுதாண்ணே" என்று பதில். அப்புறம் மன்னார்குடி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன், வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவே இல்லை, இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டே வந்தேன். ஒரு பக்கம் தகடு குறைந்து பேரிங் நெரிந்துபோயிருந்தது. அதனால் மூடியைக் கழற்றியதும் தகடுகளைக் கம்பியில் கோத்து, பக்கத்தை எழுதி ஒரு சீட்டும் கட்டி ஆணியில் மாட்டிவிடுங்கள்.

புது பேரிங் போட்டால் பழைய தகட்டுக் கணக்கு அப்படியே பொருந்தும் என்றும் நம்ப வேண்டாம். அது தொடக்கப்புள்ளி மட்டும்தான், அளந்துதான் பார்க்க வேண்டும். அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. பழைய பேப்பர், இரும்பு எடுப்பவர் வைத்திருக்கும் கொக்கி போட்ட ஸ்பிரிங் தராசு போதும். ஆக்சில் ஷாஃப்ட், பின்பக்க சீல் (எண்ணெய் வழியாமல் தடுக்கும் வளையம்), டை ராடு (இரண்டு முன்சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும் கம்பி) எதுவும் இல்லாமல் நக்கிளை மட்டும் மாட்டி, டை ராடு உட்காரும் ஓட்டையில் கொக்கியைப் போட்டுச் சீராக இழுங்கள். பழைய ஜீப் கையேட்டுக் கணக்குப்படி 12 முதல் 16 பவுண்டு காட்ட வேண்டும், அதாவது ஏறக்குறைய ஐந்தரையிலிருந்து ஏழேகால் கிலோ. சீலைப் போட்டுவிட்டு அளந்தால் சீலின் உராய்வும் சேர்ந்துகொள்ளும், அந்தக் கணக்கு எதற்கும் ஆகாது.

பேரிங்கில் இன்னொரு கஞ்சத்தனம், உருளை இருக்கும் பகுதியை மட்டும் மாற்றிவிட்டுக் கப்பை, அதாவது உருளைகள் உட்கார்ந்து உருளும் வெளிவளையத்தை, அப்படியே விட்டுவிடுவது. கப்பைத் தட்டி எடுப்பது கொஞ்சம் சிரமம், அதனால் அதை யாரும் தொடுவதில்லை. ஆனால் கப்பின் உள்பக்கம் விரல்நுனியை ஓட்டிப் பாருங்கள். கிங்பின் பேரிங் சக்கர பேரிங் மாதிரி முழுச் சுற்று சுற்றுவதில்லை, நேராகப் போகும் நிலையிலேயே நாள் முழுக்க அடி வாங்குகிறது, அதனால் உருளைகள் நின்ற இடத்தில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். நகம் தட்டினால் அந்தக் கப்பு போச்சு. புது உருளையை அதில் உட்கார வைத்தால் ஸ்டீயரிங் நடுவில் கடக்கென்று மாட்டும்.

எண்ணெய் வழிகிறது என்றதும் எல்லோரும் மாற்றுவது பின்பக்கத்து சீலையும் ஃபெல்ட்டையும்தான் (உருண்டையைத் துடைத்துக்கொண்டே இருக்கும் கம்பளி வளையம்). ஆனால் வழிவது எது என்று தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இல்லாமல் தண்ணியாக, கியர் ஆயில் வாடையோடு வந்தால் டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவில் இருக்கும் கியர் பகுதி) எண்ணெய், ஆக்சில் குழாய்க்குள் இருக்கும் உள் சீலைத் தாண்டி வந்திருக்கிறது என்று அர்த்தம். வெளியே எத்தனை சீல் போட்டாலும் அது நிற்காது. உள் சீல் போட்ட பிறகு ஆக்சிலைத் தள்ளும்போதும் கவனம் வேண்டும், ஷாஃப்டைத் தொங்கவிட்டால் அதன் பல் சீலின் உதட்டைக் கிழித்துவிடும். ஆக்சில் மேல் இருக்கும் காற்றுத்துளையையும் பார்த்துவிடுங்கள். அது சேற்றில் அடைத்துக்கொண்டால் சூடான எண்ணெய் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், ஓடிச் சூடான வண்டியை வாய்க்காலில் இறக்கினால் தண்ணீரை உள்ளே இழுக்கும். எண்ணெய் மோர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது, சந்தேகமே வேண்டாம்.

உருண்டையின் மேற்பரப்பு சொரசொரவென்று இருந்தால் புது ஃபெல்ட் ஒரு சாகுபடிகூடத் தாங்காது. வேதாரண்யம் உப்பளப் பக்கம் ஓடுகிற வண்டிகளில் துரு ஆழமாகவே தின்றிருக்கும். லேசான துரு என்றால் மெல்லிய எமரித்தாள் போதும், குழி விழுந்திருந்தால் அந்த உருண்டைப் பகுதியையே மாற்ற வேண்டியதுதான். ஃபெல்ட்டை உலர்வாகப் போடாமல் எண்ணெயில் ஊறவைத்துப் போடுங்கள். தொழியில் இறங்கிவிட்டு வந்தால் வண்டியை நிறுத்தும் முன் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் இரண்டு தரம் திருப்புங்கள், ஃபெல்ட்டே சேற்றை வழித்துவிடும். வண்டல் காய்ந்து ஒட்டிக்கொண்டால் அது மணல்தாள், மறுநாள் அதுவே சீலை அறுக்கும். சர்வீஸ் ஸ்டேஷனில் அந்த இடத்தில் நேராகத் தண்ணீர் பீச்சுவதும் இதே மாதிரிதான்.

சக்கர பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் ஹப் நட்டை உளி வைத்து அடிப்பதைப் பற்றி எழுதவே எரிச்சலாக இருக்கிறது, அதற்கென்று பெட்டி ஸ்பேனர் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டும்போது சக்கரம் பிடிக்கும்வரை இறுக்கி, ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, பூட்டு வாஷரைப் புதிதாகப் போட்டு மடக்குங்கள்.

ஜாக்கி போடும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் மண்ணில் ஜாக்கி அப்படியே அமிழ்ந்துவிடும், அடியில் கெட்டியான பலகை வேண்டும், வண்டியை ஸ்டாண்டில் உட்கார வைக்காமல் சக்கரத்தைத் தொடாதீர்கள். எப்போது பிரிப்பது என்பதும் முக்கியம். மேட்டூர் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. தண்ணீர் கடைமடைக்கு வந்தபிறகு வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, பேரிங்குக்காகத் திருச்சிக்கு அலைந்தால் நாற்றை யார் சுமப்பது? சித்திரையிலேயே பிரித்துவிடுங்கள், கடைக்குப் போகும்போது பழைய பேரிங்கைக் கையிலேயே கொண்டுபோங்கள், நம்பர் அதிலேயே வெட்டியிருக்கும்.